நெல்லுக் கொப்பியைப் பாத்திட்டு டேட்டாபேஸ் தெரிவு செய்யுங்கோ

"அண்ணை, வெப் புரொஜெக்ட் ஒண்டு செய்யப்போறன், மொங்கோ போடட்டோ மைஎஸ்கியூஎல் போடட்டோ?" எண்டு கேட்டு மாசத்துக்கு ரெண்டு மூண்டு பெடியள் எடுப்பாங்கள். ரெண்டும் தரவைச் சேத்து வைக்கிற டேட்டாபேஸ் மென்பொருள். நான் திருப்பி ஒண்டுதான் கேக்கிறனான், சிஸ்டம் கேட்ட ஆக்கள் இப்ப கொப்பியில எப்பிடி எழுதுகினம் எண்டு போய்ப் பாத்தனியோ? அனேகமா பாத்திருக்க மாட்டாங்கள், யூரியூப்பில நாலு வீடியோ பாத்திருப்பாங்கள்.

நான் செய்த முதல் பெரிய வேலை பரந்தன் பக்கம் ஒரு நெல்லுக் கடைக்கு. காலபோக அறுவடை தொடங்கினால் அங்க மூச்சு விட நேரமில்லை, லாண்ட்மாஸ்டரும் ட்ராக்டரும் றோட்டு வரைக்கும் நிக்கும். தராசுக்குப் பக்கத்தில ஒரு மேசை, மேசையில ரெண்டு கொப்பி. ஒண்டு துண்டுப் புத்தகம், காபன் வைச்சு எழுதிக் கிழிச்சுக் குடுக்கிறது. மற்றது கணக்குக் கொப்பி, ஒவ்வொரு கமக்காரருக்கும் ஒரு பக்கம், விதைநெல்லுக்கும் பசளைக்கும் எவ்வளவு முற்பணம் எடுத்தவர், எத்தனை கிலோ கொண்டு வந்தவர், மிச்சம் எவ்வளவு எண்டு. நான் ஒரு பின்னேரம் முழுக்க அந்த மேசைக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்து பாத்தனான். துண்டில பேருக்குக் கீழ கடைக்கார ஐயா சின்னதா 52 எண்டு எழுதுறார். என்ன ஐயா இது எண்டு கேட்டால், "அது தம்பி அவற்ற பக்கம், சிவராசா எண்டு மூண்டு பேர் இருக்கினம், பேரை நம்பேலுமோ?" எண்டார்.

அந்த 52 தான் நாங்கள் ஃபொரின் கீ எண்டு பெரிசாச் சொல்லிக்கொண்டு திரியிறது. 1970 இல ஐபிஎம்மில இருந்த கொட் எண்ட ஆள் ரிலேஷனல் மொடலை (டேட்டாவை டேபிளுகளா வைச்சுத் தொடுக்கிற முறை) எழுதி வெளியிட்டவர், ஐயா அதைப் படிக்காமலே வைச்சிருக்கிறார். கொப்பியில இப்பிடி ஒரு பக்கத்தில இருந்து இன்னொரு பக்கத்துக்கு நம்பர் போகுதெண்டால் உங்கட டேட்டா ரிலேஷனல், அவ்வளவுதான், மேல யோசிக்க வேண்டாம். கடை, சங்கம், கிளினிக், ரியூசன் சென்ரர், மில் எண்டு நாங்கள் இங்க செய்யிற வேலையள்ள பத்துக்கு ஒன்பது இதுதான்.

சரி, இதுக்குள்ள ரெண்டு முடிவு இருக்கு, ஆக்கள் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறவை. ஒண்டு டேட்டாவை எதுக்குள்ள வைக்கிறது, மற்றது உங்கட கோட் அதோட எப்பிடிக் கதைக்கிறது. முதல் முடிவைப் பிறகு மாத்துறது பெரிய வில்லங்கம், ரெண்டாவதை ஒவ்வொரு பக்கமா மாத்தலாம். அதால முதலாவதுக்குத்தான் கனக்க நேரம் குடுங்கோ.

எதுக்குள்ள வைக்கிறது

முதல்ல கேளுங்கோ, பாதியில நிண்டால் என்ன நடக்கும்? நெல்லு எடுக்கேக்க மூண்டு எழுத்து நடக்குது: துண்டு ஒண்டு பதியுது, முற்பணத்தில கழியுது, கையில குடுத்த காசு பதியுது. ரெண்டாவது எழுதினாப் பிறகு கரண்ட் போயிட்டுது எண்டு வையுங்கோ. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டினவங்கள் எல்லே, அந்தக் காலத்தில வேலை செய்த ஆருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூண்டும் நடக்கோணும், இல்லாட்டி மூண்டும் நடக்கவே கூடாது. அதுக்குப் பேர் ட்ரான்ஸாக்‌ஷன். இது தேவையான இடத்தில ஜேசன் பைலுக்குள்ள (வெறும் எழுத்துப் பைல்) எழுதிறது, எக்ஸல் ஷீற்றை டேட்டாபேஸ் மாதிரிப் பாவிக்கிறது எல்லாத்தையும் மறந்திடுங்கோ. மைஎஸ்கியூஎல் எண்டால் டேபிளைச் சேமிக்கிற இஞ்சின் இனோடிபியா எண்டு பாருங்கோ. 2010 இல வந்த 5.5 இல இருந்து அதுதான் டிஃபோல்ட், ஆனா பழைய சிஸ்டம் ஆரும் தூக்கித் தந்தால் உள்ளுக்க மைஐசாம் எண்ட பழைய இஞ்சின் கிடக்கும், அதில ட்ரான்ஸாக்‌ஷனும் இல்லை ஃபொரின் கீயும் இல்லை, நீங்கள் கோட்டில ரோல்பக் (எழுதினதைத் திருப்பி எடு) எண்டு எழுதினாலும் எழுதினது எழுதினதுதான்.

அடுத்தது, ஒரே நேரத்தில எத்தனை பேர் எழுதுவினம்? கடையில ஒரு தராசு, ஒரு மேசை எண்டால் எஸ்கியூலைட் எண்ட சின்ன டேட்டாபேஸ் தாராளமாக் காணும். இதைச் சொன்னால் பெடியள் சிரிக்கிறவை, விளையாட்டுச் சாமான் எண்டு நினைக்கினம், 2000 ஆம் ஆண்டில இருந்து இருக்கிற சாமான், உங்கட கையில இருக்கிற அன்ட்ரொயிட் போனுக்குள்ளையே கிடக்குது. தனிச் சேர்வர் தேவையில்லை, முழு டேட்டாபேஸும் ஒரே ஒரு பைல். ஆனா எழுதிறது ஒரு நேரத்தில ஒரு ஆள்தான், மற்ற ஆள் காத்துக்கொண்டு நிக்கோணும். வோல் மோட் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டால் ஒருத்தர் எழுதேக்க மற்றவை வாசிக்கலாம், நான் எப்பவும் போடுறனான், கூட பிசி டைம்அவுட்டை (காத்து நிக்கிற நேரம்) ஒரு 5 செக்கன் வைக்கிறனான், இல்லாட்டி டேட்டாபேஸ் லொக் எண்டு சொல்லி உடனை எரர் அடிக்கும். கட்டாயம் தெரியவேண்டின ஒரு விசயம், எஸ்கியூலைட்டில ஃபொரின் கீ டிஃபோல்டா ஓஃப்பில இருக்கு, ஒவ்வொரு கனெக்‌ஷனிலயும் நீங்களாத்தான் ஓன் பண்ணோணும். இதைத் தெரியாமல் ஒரு வருசம் ஓடின சிஸ்டம் ஒண்டைப் பாத்தனான், ஆளில்லாத துண்டுகள் கும்பலாக் கிடந்தது. மற்றது அந்தப் பைலை நெற்வேர்க் ஷெயாரில வைச்சு ரெண்டு கொம்பியூட்டரால திறக்கிற வேலை வேண்டாம், லொக் ஒழுங்கா வேலை செய்யாது, பைல் பழுதாப் போகும்.

நாலு தராசு, கிளிநொச்சியில ஒரு கிளை, மல்லாவியில ஒரு கிளை, மேல ஒரு கணக்காளர் எண்டு வந்தால் சேர்வர் டேட்டாபேஸ்தான். போஸ்ட்கிரஸா மைஎஸ்கியூஎல்லா எண்டு கேட்டால் என்ர விருப்பம் போஸ்ட்கிரஸ், ஏனெண்டால் அது பிழையை முகத்துக்கு நேர சொல்லும். ஆனா மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங் எடுத்தீங்கள் எண்டால் அனேகமா பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் (இல்லாட்டி அதில இருந்து 2009 இல பிரிஞ்ச மரியாடிபி) தான் தருவாங்கள். அதில ஒரு குறையும் இல்லை, ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத டேட்டாவை எரர் சொல்லி மறிக்கிறது) ஓனில இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ.

அந்த ஸ்ட்ரிக்ட் மோட்டை ஏன் சொல்லுறன் எண்டால், நான் பட்டனான்.

2147483647

ஒரு சங்கத்துக்குச் செய்து குடுத்த சிஸ்டம், பேர் வேண்டாம். ஐசி (அடையாள அட்டை) நம்பருக்கு இன்டிஜர் (முழு எண்) கொலம் போட்டிட்டன், நம்பர் தானே எண்டு. பழைய அடையாள அட்டை 9 இலக்கமும் கடைசியில ஒரு எழுத்தும், அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிப்போட்டு இலக்கத்தை மட்டும் எடுத்து வைச்சிட்டுது, ஆரும் கவனிக்கேல்லை. 2016 இல இருந்து வாற புது அட்டை 12 இலக்கம். மைஎஸ்கியூஎல் இன்டிஜருக்குள்ள போகக்கூடிய ஆகப் பெரிய நம்பர் 2147483647, அது 10 இலக்கம். சேர்வர் பழசு, ஸ்ட்ரிக்ட் மோட் இல்லை, அதால எரரும் இல்லை, புது அட்டை வைச்சிருந்த ஒவ்வொருத்தருக்கும் அந்த ஒரே நம்பரை எழுதிவிட்டுது. கொலத்துக்கு யூனிக் (ஒரே பெறுமதி ரெண்டு தரம் வரேலாது எண்ட கட்டுப்பாடு) போடேல்லை, அது ரெண்டாவது பிழை. அந்த ஐசியை வைச்சுத் துண்டை ஆளோட பொருத்தினால் எப்பவும் முதல் ஆள்தான் வருவார். கடைசியில ஒரு அக்கா துண்டைக் கொண்டு வந்து, "நான் பசளை எடுக்கவே இல்லை, ஆற்றையோ முற்பணத்தை என்ர நெல்லில ஏன் கழிக்கிறியள்?" எண்டு மேசையில தட்டிக் கேட்டாப் பிறகுதான் பிடிபட்டது. ரெண்டு கிழமை கார்பன் துண்டுகளை வைச்சு ஒவ்வொண்டாத் திருத்தினது.

அதால, கூட்டிக் கழிக்காத எந்த நம்பரும் நம்பர் இல்லை, எழுத்து. ஐசி, போன் (முன்னுக்கு இருக்கிற 0 போயிடும்), பாங்க் எக்கவுன்ட், எல்லாம் டெக்ஸ்ட் கொலம். காசும் கிலோவும் எண்டால் டெசிமல் போடுங்கோ, ஃபுளோட் வேண்டாம், 0.1 உம் 0.2 உம் கூட்டினால் ஃபுளோட்டில 0.30000000000000004 எண்டு வரும், ஒரு துண்டில தெரியாது, ஒரு போகத்துத் துண்டு முழுக்கக் கூட்டேக்க சதம் உதைக்கும், கணக்காளர் உங்களை விடமாட்டார்.

நேரமும் இப்பிடித்தான். பால் சேகரிக்கிற இடம் ஒண்டுக்குச் செய்யேக்க, விடிய 5 மணிக்கு எடுத்த பால் முதல் நாள் ரிப்போட்டில வந்துது. சேர்வர் யூடிசியில (உலகப் பொது நேரம்) நிக்குது, நாங்கள் அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, விடிய 5 மணி எண்டால் அங்க முதல் நாள் இரவு 11.30. யூடிசியில வைக்கிறது பிழையில்லை, ஆனா நாளைப் பிரிக்கேக்க கொழும்பு நேரத்துக்கு மாத்திப்போட்டுப் பிரியுங்கோ, இல்லாட்டி 'சேகரிச்ச நாள்' எண்டு தனி டேட் கொலம் ஒண்டு வையுங்கோ. நான் ரெண்டாவதைத்தான் செய்தனான், ரிப்போட் எழுதிறது சுகம்.

தமிழ்

இது வெளிநாட்டுக்காரன் எழுதிற கைட் ஒண்டிலயும் வராது. புதுக்குடியிருப்பு எண்ட பேரை எடுங்கோ, எங்கட கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோட்டில (கொம்பியூட்டர் எழுத்துக்குக் குடுக்கிற நம்பர் முறை) அது 18 குறி, குத்து விசிறி கொம்பு எல்லாம் தனித்தனி. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்8 இல ஒவ்வொண்டும் 3 பைட், மொத்தம் 54. ஊர்ப் பேருக்கு 15 காணும் எண்டு கொலத்தைக் கட்டினால், ஸ்ட்ரிக்ட் இல்லாத சேர்வரில "புதுக்குடியிருப" எண்டு வெட்டுப்பட்டு நிக்கும். தமிழுக்கு மனசில நினைக்கிறதைப்போல மூண்டு மடங்கு விடுங்கோ. மைஎஸ்கியூஎல்லில யூடிஎஃப்8 எண்டு பேர் இருக்கிறது 3 பைட் வரைக்கும்தான் பிடிக்கும், தமிழ் தப்பும், ஆரும் குறிப்பில இமோஜி போட்டால் மாட்டும், யூடிஎஃப்8எம்பி4 எண்டதைத் தெரிவு செய்யுங்கோ.

பழைய ஒபிஸ் டேட்டா தந்தாங்கள் எண்டால் அது பாமினியில அடிச்சதோ எண்டு முதல்ல பாருங்கோ, பாமினி எண்டால் உள்ளுக்க கிடக்கிறது வெறும் இங்கிலீஸ் எழுத்து, ஃபொன்ட்தான் தமிழாக் காட்டுறது. ஏத்த முதல் யூனிகோட்டுக்கு மாத்துங்கோ. மற்றது ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியா அடிச்சு வாற "கொ" வும், ஒரே குறியா வாற "கொ" வும் பாக்க ஒண்டு, பைட்டில வேற வேற, போஸ்ட்கிரஸிலயும் எஸ்கியூலைட்டிலயும் தேடினால் பொருந்தாது. எழுத முதல் என்எஃப்சி எண்ட நோமலைசேஷன் (எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்துறது) ஒருக்காப் போட்டுவிட்டால் முடிஞ்சுது.

மொங்கோ எப்ப

வன்னியில ஆய்வுப் படிவம் நிரப்பாத வீடு ஒண்டு காட்டுங்கோ பாப்பம். கிணறு இருக்கோ, மலசலகூடம் இருக்கோ, எத்தனை மாடு, ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் ஒவ்வொரு கேள்விக்கொத்து, அதுவும் நடுவில மாத்துவினம். அப்பிடி ஒவ்வொரு பதிவும் வேற வேற வடிவத்தில வாற டேட்டாவுக்கு டொக்கியுமென்ட் டேட்டாபேஸ் நல்லாப் பொருந்தும், ஒரு படிவம் ஒரு டொக்கியுமென்ட். மொங்கோவில ஒரு டொக்கியுமென்ட் 16 எம்பி தாண்டேலாது, படிவத்துக்கு அது கனக்க. 2018 இல வந்த 4.0 இல இருந்து பல டொக்கியுமென்டுக்குச் சேத்து ட்ரான்ஸாக்‌ஷனும் இருக்கு, அதால முந்தின மாதிரி ஏசத் தேவையில்லை. ஆனா நான் என்ன செய்வன் எண்டால், 2014 இல இருந்து போஸ்ட்கிரஸில ஜேசன்பி எண்டு ஒரு கொலம் வகை இருக்கு (வடிவம் மாறுற டேட்டாவையும் போடலாம்), குடும்பம் கிராம அலுவலர் பிரிவு திகதி எல்லாம் சாதாரண கொலம், மாறுற கேள்வியளை மட்டும் ஜேசன்பிக்குள்ள, கெதியாத் தேட அதுக்கு இன்டெக்ஸும் போடலாம். ஒரு டேட்டாபேஸோட காரியம் முடியுது. டேபிள் டிசைன் பண்ணப் பஞ்சியிலதான் மொங்கோ எடுக்கிறீங்கள் எண்டால் அந்தப் பஞ்சிக்குப் பிறகு வட்டியோட கட்டுவீங்கள்.

ரெடிஸ் எண்டு கேப்பீங்கள். மெமறியில ஓடுறது, செஷனுக்கும் கேஷுக்கும் அருமை, துண்டுக் கணக்கை அதுக்குள்ள மட்டும் வைக்காதேங்கோ.

கோட் எப்பிடிக் கதைக்கிறது

மூண்டு வழி: எஸ்கியூஎல்லை (டேட்டாபேஸைக் கேக்கிற மொழி) கையால எழுதிறது, குவெரி பில்டர் (கோட்டால எஸ்கியூஎல்லைக் கட்டுறது), ஓஆர்எம் (டேபிளைக் கோட்டில ஒப்ஜெக்டாப் பாவிக்கிறது). லாராவெலில எலொக்குவென்ட், ஜாங்கோவில அதுக்குரியது, ஜாவாவில ஹைபர்நேட், இதெல்லாம் ஓஆர்எம். ஆள் சேர்க்கிறது, திருத்திறது, ஒரு லிஸ்ட் காட்டுறது மாதிரி ஃபோம் வேலைக்கு ஓஆர்எம்மை விட்டால் சுகம் வேற இல்லை, மைக்ரேஷனும் சேர்ந்து வருகுது, டேபிளில என்ன எப்ப மாறினது எண்டு கோட்டோட இருக்கும். ரிப்போட்டுக்கு மட்டும் நான் எஸ்கியூஎல்லைக் கையால எழுதிறனான். கிராமத்துக்கு எத்தனை கிலோ, அதில ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல எவ்வளவு, முற்பணம் மிச்சம் எவ்வளவு எண்டு கேக்கிற குவெரியை ஓஆர்எம்மில எழுதினால் எனக்கே அடுத்த மாசம் விளங்காது.

ஓஆர்எம்மில எல்லாரும் விழுகிற கிடங்கு ஒண்டு இருக்கு. 400 கமக்காரரை எடுக்க ஒரு குவெரி, பிறகு லூப்புக்குள்ள ஒவ்வொருத்தரின்ர மிச்சத்தையும் காட்டேக்க ஆளுக்கொரு குவெரி, மொத்தம் 401. உங்கட லப்டொப்பில தெரியவே தெரியாது. அப்ளிகேஷன் இங்க, டேட்டாபேஸ் சிங்கப்பூரில எண்டு ஆரோ வைச்சிருந்தால், ஒருக்காப் போய்வர 60 மில்லிசெக்கன் எண்டு பாத்தாலும் 24 செக்கன், ஐயா தராசடியில நிண்டு கொட்டாவி விடுவார். லாராவெல் எண்டால் வித், ஜாங்கோ எண்டால் செலக்ட் ரிலேட்டட், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், இதுகளைப் போட்டால் ஒண்டு ரெண்டு குவெரியோட முடியும். எழுதிக்கொண்டு இருக்கேக்க குவெரி லொக்கை (ஓடின குவெரியளின்ர பதிவு) ஓனில வைச்சிருந்து எண்ணிப் பாருங்கோ, அது ஒண்டுதான் மருந்து. அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் எப்பவும் ஒரே இடத்தில இருக்கட்டும்.

கையால எழுதிறவை, ஆக்கள் அடிக்கிற பேரை அப்பிடியே ஒட்டி எஸ்கியூஎல் கட்டாதேங்கோ, ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (எஸ்கியூஎல்லையும் பெறுமதியையும் தனித்தனியா அனுப்புறது) மட்டும்தான். பிஎச்பியில மைஎஸ்கியூஎல் அடிக்கோடு எண்டு தொடங்கிற பழைய ஃபங்‌ஷன் எல்லாம் 2015 இல வந்த பிஎச்பி 7 ஓட தூக்கிப்போட்டாங்கள், இன்னும் அதை வைச்சுப் படிப்பிக்கிற நோட்ஸ் சுத்துது, அதைக் கண்டால் மூடி வைச்சிட்டு பிடிஓ (அதுக்குப் பதிலான வழி) படியுங்கோ.

சிக்னல் இல்லாத இடத்துக்கு

ஏ9 றோட்டை விட்டு உள்ளுக்க போனால் சிக்னல் வரும் போகும், அதால வயல்ல நிண்டு எழுதிறதை முதல்ல பிறவுசருக்குள்ள இருக்கிற இன்டெக்ஸ்ட்டிபியில வைச்சுப்போட்டு பிறகு அனுப்புறது தான் சரி, லோக்கல் ஸ்டோரேஜ் வேண்டாம், 5 எம்பி அளவில நிண்டிடும். இதில வாற கரைச்சல் என்னெண்டால், போன் அனுப்பும், சேர்வர் எழுதும், சரி எண்ட பதில் வர முதல் சிக்னல் போயிடும், போன் திருப்பி அனுப்பும், ஒரு மூட்டை ரெண்டாப் பதியும். மருந்து சின்னது: துண்டை எழுதேக்கயே போன்ல ஒரு யூயூஐடி (வேற எதோடயும் ஒத்துப்போகாத நம்பர்) உருவாக்கி அதோட அனுப்புங்கோ, டேபிளில அந்தக் கொலத்துக்கு யூனிக் போடுங்கோ, ரெண்டாந்தரம் வந்தால் டேட்டாபேஸே மறிக்கும், நீங்கள் எரர் காட்டாமல் "ஏற்கனவே பதிஞ்சுட்டுது" எண்டு சரி சொல்லிவிடுங்கோ. கோட்டில 'இருக்கோ எண்டு பாத்திட்டு எழுதிறது' காணாது, ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில வந்தால் ரெண்டும் இல்லை எண்டுதான் பாக்கும்.

பக்கப்

எதைத் தெரிவு செய்தாலும் பக்கப் எடுக்கிற வழியைத் தெரிவு செய்யாமல் முடிக்காதேங்கோ. போஸ்ட்கிரஸுக்கு பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல்லுக்கு மைஎஸ்கியூஎல் டம்ப், இனோடிபி எண்டால் சிங்கிள் ட்ரான்ஸாக்‌ஷன் எண்ட ஒப்ஷனோட. எஸ்கியூலைட் ஒரு பைல் தானே எண்டு ஓடிக்கொண்டிருக்கேக்க கொப்பி பண்ணி எடுக்கிறவை இருக்கினம், எழுதிக்கொண்டு இருக்கேக்க கொப்பி பண்ணினால் அரைகுறைதான் வரும், அதுக்கு பக்கப் கட்டளை இருக்கு, வக்கூம் இன்டு எண்டும் ஒண்டு இருக்கு, ரெண்டில ஒண்டைப் பாவியுங்கோ. இரவு 1 மணிக்குத் தானா எடுக்க வைச்சு, ஒரு கொப்பி வேற சேர்வருக்கு, ஒரு கொப்பி கடைக்காரரின்ர பென்ட்ரைவுக்கு. மாசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பென்ட்ரைவை வாங்கி உங்கட லப்டொப்பில திருப்பி ஏத்தி, கடைசித் துண்டு நம்பர் என்ன எண்டு பாத்து, கடைக்குப் போன் அடிச்சு காபன் புத்தகத்தில இருக்கிறதோட ஒத்துப் பாருங்கோ. பரந்தன் ஐயா இப்பவும் துண்டில கையால 52 எண்டு எழுதிறார், நான் அதை மறிக்கேல்லை, சிஸ்டத்திலயும் அந்தச் சிவராசாவுக்கு ஆள் நம்பர் 52 தான் குடுத்திருக்கிறன்.